பச்சிளங்குழந்தையின் குடல் நுண்ணுயிரிகளைப் பேணும் முறை

குழந்தை பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தொடங்குங்கள். தாய்ப்பாலிலுள்ள ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. பெருங்குடலிலுள்ள பிஃபிடோபாக்டீரியா என்னும் நல்ல நுண்ணுயிரிகள் அவற்றை உண்டு வெளியிடும் அமிலங்கள் தீய கிருமிகளை அடக்குவதோடு, எதை எதிர்ப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று நோயெதிர்ப்புச் செல்கள் பழகவும் துணைபுரிகின்றன. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம்.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தை, வீட்டுப் பெரியவர்கள் வருந்தினாலும், விட்டுவிடுவதே நல்லது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் 1 வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும்.

6 மாதம் முடிந்ததும் மசித்த பருப்புச் சோறு, காய், பழம் எனப் பலவகை உணவுகளைச் சேர்த்தால் நுண்ணுயிரிகளின் வகைகளும் பெருகும். வைரஸால் வரும் சளிக்கு, குடலின் நல்ல நுண்ணுயிரிகளையும் அழிக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக் கேட்டு மருத்துவரை நெருக்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல், உயிருள்ள நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாடிக் சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது.