எடின்பரோ கலைவிழாவுக்கு முதல் முறை போகிறீர்களா? இப்படித் திட்டமிடுங்கள்

ஆகஸ்ட் மாதம் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குப் போகிறோம், ஒரு நாளைக்கு எத்தனை நிகழ்ச்சி பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

முதல் தடவை போனபோது நான் ஒரே நாளில் ஆறு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். மூன்று வரை சரியாகப் போனது. நான்காவதின் அரங்கு, செல்போன் வரைபடத்தின்படி நான் நின்ற இடத்திலேயே இருந்தது. சுற்றிச் சுற்றித் தேடினேன், காணவில்லை. பிறகுதான் புரிந்தது: நான் நின்றது ஒரு பாலத்தின் மேல். அரங்கு அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடும் தெருவில் இருந்தது. படி கண்டுபிடித்து இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் பார்த்தேன், ஆனால் மனதில் ஒன்றும் தங்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் உழைத்துக் கொண்டுவந்த படைப்பு அது. களைத்த கண்ணோடு அதைப் பார்த்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. எது எந்த விழா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"எடின்பரோ விழா" என்று எல்லாரும் ஒருமையில் சொன்னாலும், ஆகஸ்டில் அங்கே ஒரே நேரத்தில் பல விழாக்கள் நடக்கின்றன. டிக்கெட்டும் தனித்தனி, இணையதளமும் தனித்தனி. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதலாவது, எடின்பரோ சர்வதேச விழா. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947ல் தொடங்கியது. இங்கே அமைப்பாளர்களே கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து அழைப்பார்கள். இசைக்குழுக்கள், ஆப்பரா, நடனம், பெரிய நாடகங்கள், அஷர் ஹால் போன்ற பெரிய அரங்குகள்.

இரண்டாவது, ஃபிரிஞ்ச். அதே 1947ல் எட்டு நாடகக் குழுக்கள், யாரும் கூப்பிடாமலேயே ஊருக்கு வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற ஸ்காட்டிஷ் நாடகாசிரியர், அதிகாரபூர்வ விழாவின் 'விளிம்பில்' (ஆங்கிலத்தில் ஃபிரிஞ்ச்) நடப்பவை என்று பத்திரிகையில் எழுத, அந்தச் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. இன்று விளிம்பு மையத்தைவிடப் பல மடங்கு பெரிது. 2019ல் 3,800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், 323 இடங்கள், 30 லட்சத்துக்கும் மேல் டிக்கெட்டுகள். ஊரின் மக்கள்தொகையோ ஏறத்தாழ ஐந்து லட்சம்தான்!

ஃபிரிஞ்சில் தேர்வுக் குழு கிடையாது. இடம் பிடித்து, பதிவுக் கட்டணம் கட்டினால் யாரும் மேடை ஏறலாம். இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஃபிரிஞ்சின் மகத்துவமும் அதன் ஆபத்தும் இரண்டுமே விளங்கிவிடும்.

இவை தவிர, 1983ல் தொடங்கிய புத்தக விழா, கோட்டை வாசலில் 1950 முதல் நடக்கும் ராணுவ இசை அணிவகுப்பான டாட்டூ, ஓவிய விழா, திரைப்பட விழா எல்லாம் உண்டு. டாட்டூ பார்க்க ஆசை என்றால் அதற்கு மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

2. தங்குமிடம்: டிக்கெட்டுக்கு முன்னால் இதுதான்

2025ல் ஃபிரிஞ்ச் ஆகஸ்ட் 1 முதல் 25 வரை நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் தேதி சற்று நகரும், ஆனால் ஏறத்தாழ ஆகஸ்ட் முழுவதும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாரங்களில் அறை வாடகை மற்ற மாதங்களோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு ஏறிவிடும். எனவே தேதி முடிவானதும் அறையைப் பிடியுங்கள், நிகழ்ச்சிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்க இரண்டு வழி. கோடை விடுமுறையில் மாணவர்கள் காலி செய்த பல்கலைக்கழக விடுதி அறைகள் வாடகைக்குக் கிடைக்கும். எளிமையாக இருக்கும், சுத்தமாக இருக்கும். இன்னொன்று, கிளாஸ்கோவில் தங்கி ரயிலில் வந்துபோவது. சுமார் 50 நிமிடப் பயணம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிடிக்க இரவு நிகழ்ச்சிகளை விட்டுவிட வேண்டியிருக்கும். விழாவின் உயிரே இரவில்தான் என்பதால், பணம் கொஞ்சம் கூடினாலும் எடின்பரோவிலேயே இரண்டு இரவு தங்குவது, கிளாஸ்கோவில் நான்கு இரவு தங்குவதைவிட மேல் என்பேன்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டனின் விசா வேண்டும். ஐரோப்பாவுக்கு எடுத்த ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

3. நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது

ஜூன் மாதத்தில் ஃபிரிஞ்சின் முழுப் பட்டியல் வெளிவந்துவிடும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். முழுவதையும் படித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று உட்காராதீர்கள். நான் செய்வது இதுதான்.

ஒரு நாளைக்கு மூன்று நிகழ்ச்சி என்றேன் அல்லவா? முதல் இடம், உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த, நம்பிக்கையான ஒன்றுக்கு. இதை ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது இடம், அரங்கை நம்பிப் போவது. எடின்பரோவில் ஒவ்வோர் அரங்குக்கும் ஒரு ருசி உண்டு. புதிதாக எழுதப்பட்ட நாடகம் வேண்டுமென்றால் டிராவர்ஸ் தியேட்டர். வழக்கத்தை உடைக்கும் படைப்புகளுக்கு, ஒரு காலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரியாக இருந்த சம்மர்ஹால். நகைச்சுவைக்கு பிளசன்ஸ் கோர்ட்யார்டு, கில்டட் பலூன். மூன்றாவது இடத்தைக் காலியாக விடுங்கள். அது அன்றைக்குத் தெருவில் உங்கள் கையில் வந்து சேரும் நோட்டீஸுக்கு.

ராயல் மைல் சாலையின் ஹை ஸ்ட்ரீட் பகுதியில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நோட்டீஸ் நீட்டுவார். அவர் கூலிக்கு வந்தவர் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அன்று மாலை மேடையில் நிற்கப்போகிறவரே அவர்தான். "உங்கள் நாடகம் எதைப் பற்றி?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒருமுறை மழைத் தூறலில், நனைந்து ஓரம் சுருண்ட நோட்டீஸ் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். தன் பாட்டியின் தையல் இயந்திரத்தைப் பற்றி என்றார். சொல்லும்போதே அவர் வலது பாதம், மிதிகட்டையை மிதிப்பது போல, தானாக அசைந்தது. அந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் போனேன். ஏழு பேர் அமர்ந்திருந்த ஒரு நிலவறையில், மேடைப் பொருள் எதுவும் இல்லாமல், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை மட்டும் அசைத்து ஒரு மணி நேரம் நடித்தார். அந்த ஆண்டு நான் பார்த்ததில் அதுதான் முதலிடம்.

சுவரொட்டிகளில், விமர்சகர்கள் தந்த நட்சத்திரங்களை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் யார் கொடுத்தது என்று பாருங்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் மேடைச் சிரிப்பு சில நேரம் கைநழுவும். பிரிட்டிஷ் அரசியல், தொலைக்காட்சி, உச்சரிப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். முதல் நாளுக்கு சர்க்கஸ், நடனம், உடல்மொழி நாடகம் இவற்றில் ஒன்றை எடுங்கள், மொழி தடையாக இருக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் போட்டிருக்கும் வயது வரம்பைப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

விலை பெரும்பாலும் 10 முதல் 20 பவுண்டுக்குள் இருக்கும். விழாவின் முதல் சில நாட்களில் நடக்கும் முன்னோட்டக் காட்சிகள் இன்னும் மலிவு.

4. ஊர் இரண்டு அடுக்கு: வரைபடத்தை நம்பி ஓடாதீர்கள்

நான் தவறவிட்ட அந்த நான்காவது நிகழ்ச்சிக்கு வருவோம். எடின்பரோவின் பழைய நகரம் ஒரு முகட்டின் மேல் இருக்கிறது. மேற்கே கோட்டை, கிழக்கே ஹோலிரூட் அரண்மனை, இரண்டையும் இணைத்துச் சரிவாக இறங்கும் சுமார் 1.8 கிலோமீட்டர் சாலைதான் ராயல் மைல். முகட்டுக்கு வடக்கே பள்ளம், அங்கே வேவர்லி ரயில் நிலையம். பள்ளத்தைத் தாண்டினால் நேர்த்தியான வீதிகளோடு புதிய நகரம். பழைய, புதிய நகரங்கள் இரண்டும் சேர்ந்து 1995ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

முகட்டுக்குத் தெற்கேயும் ஒரு பள்ளம் உண்டு. அதில் ஓடும் தெரு கௌகேட். அதன் மேலே குறுக்காகப் போவது சவுத் பிரிட்ஜ். 1788ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்துக்கு 19 வளைவுகள், ஆனால் வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவற்றை இரண்டு பக்கமும் கட்டடங்கள் கட்டி மறைத்துவிட்டார்கள். பாலத்தின் மேல் நடப்பவருக்கு அது சாதாரணக் கடைத்தெரு போலத்தான் தெரியும். கீழே வளைவுகளுக்குள் நிலவறைகள், நாடகங்கள், மதுக்கடைகள். வரைபடத்தில் இரண்டு தெருவும் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும், உண்மையில் அங்கே திரும்பவே முடியாது.

அதனால், அரங்கின் முகவரியில் கௌகேட் என்று இருந்தால், முதலில் கீழே இறங்கிவிட்டுப் பிறகு தேடுங்கள். ராயல் மைலிலிருந்து இரண்டு பக்கமும் 'குளோஸ்' எனப்படும் குறுகிய சந்துகள் இறங்கும். சில சந்துகள் முழுக்கப் படிக்கட்டுதான். வரைபடம் எட்டு நிமிடம் என்று சொன்னால் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் ஹை ஸ்ட்ரீட்டைக் கடப்பதே தனி வேலை.

மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால், படி இல்லாமல் அரங்குக்குள் போக முடியுமா என்பதை நிகழ்ச்சியின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் முடியாது. ஜார்ஜ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள அரங்குகள் சமதரையில் பக்கம் பக்கமாக இருப்பதால் அவர்களுக்கு அது வசதி.

5. ஒரு நாளை இப்படி அடுக்குங்கள்

பெரும்பாலான ஃபிரிஞ்ச் நிகழ்ச்சிகள் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. ஒரு நிகழ்ச்சி முடிந்த சில நிமிடங்களில் அதே அறையில் அடுத்தது தொடங்கும். அதனால் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள், தாமதமாக வருபவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. கால்மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள்.

காலை 11 மணிவாக்கில் ஒரு நாடகம். அப்புறம் சாப்பாடு. பிற்பகலில் ஹை ஸ்ட்ரீட்டில் தெருக்கலைஞர்களைப் பாருங்கள், நோட்டீஸ் வாங்குங்கள். நாலு மணிக்கு அந்த நோட்டீஸ் நிகழ்ச்சி. அதற்கு முன்பே, சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். நுழைவு இலவசம். மெல்லிய இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக ஒரு பெரிய கூடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால், நிகழ்ச்சி நேரத்தைப் பொறுத்து இதை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள். பேசாமல் அரை மணி உட்கார்ந்தால் பார்த்த நாடகம் மனதுக்குள் இறங்கும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மூன்றாவது நிகழ்ச்சி. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், கால்டன் ஹில் ஏறிவிட்டே போகலாம்.

6. இலவச நிகழ்ச்சியில் வாளிக்குப் பணம் போடுங்கள்

ஃபிரிஞ்சில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. மதுக்கடைகளின் மாடியிலும் நிலவறையிலும் நடக்கும். முடிந்ததும் கலைஞர் வாசலில் ஒரு வாளியோடு நிற்பார். இலவசம் என்றால் நுழைவு இலவசம், அவ்வளவுதான். அவர் அறை வாடகையும் சாப்பாடும் பெரும்பாலும் அந்த வாளியிலிருந்துதான் வர வேண்டும். பிடித்திருந்தால் 5 பவுண்டாவது போடுங்கள். சிலர் கார்டு இயந்திரமும் வைத்திருப்பார்கள், ஆனாலும் கையில் சில நோட்டுகள் இருக்கட்டும். தெருக்கலைஞர்களுக்கும் இதே கணக்குதான்: கடைசி வரை நின்று பார்த்தால், தொப்பி வரும்போது நழுவக் கூடாது.

ஸ்காட்லாந்தின் மூன்று வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சிடுகின்றன. சில்லறையில் வேறு படம் போட்ட நோட்டு வந்தால் பயப்படாதீர்கள், நல்ல பணம்தான். ஊர் திரும்புமுன் அவற்றை அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளிநாடுகளில் மாற்றுவது கடினம்.

7. பையில் என்ன

கோடை என்று பெயர்தான். ஆகஸ்டில் பகலிலேயே 19 டிகிரி வாக்கில்தான் இருக்கும், மழை எப்போது வேண்டுமானாலும் வரும், கடலிலிருந்து குளிர்ந்த மூடுபனியும் ஏறி வரும். கூட்டத்திலும் காற்றிலும் குடை உதவாது, தலைமூடி வைத்த மழைக்கோட்டு வேண்டும். உள்ளே, நிலவறை அரங்குகளோ புழுங்கும். அதனால் தடிமனான ஒரே உடுப்பைவிட, கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய இரண்டு நல்லது. தெருக்கள் கல் பாவியவை, மழையில் வழுக்கும். பிடிப்புள்ள, பழகிய ஷூ போடுங்கள். தண்ணீர் பாட்டில், செல்போனுக்கு பவர் பேங்க். டிக்கெட் எல்லாம் செல்போனில்தானே இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு டிராம் இருக்கிறது, அரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். பேருந்தில் கார்டைத் தட்டினால் போதும். காசு கொடுத்தால் மீதி தர மாட்டார்கள்.

கிளம்பும் நாளில் வேவர்லிக்குப் போகும்போது, நார்த் பிரிட்ஜ் பக்கத்தில் ஸ்காட்ஸ்மேன் படிகள் வழியாக இறங்குங்கள். 2011ல் மார்ட்டின் கிரீட் என்ற கலைஞர் அதன் 104 படிகளையும் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த 104 விதப் பளிங்குக் கற்களால் அமைத்தார். பச்சை, ரோஜா, கரும்பழுப்பு என்று ஒன்று போல் ஒன்று இல்லை. ஆட்கள் அதன் மேல் மிதித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுவார்கள். பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, மெதுவாக, கீழே பார்த்தபடி இறங்குங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது, குறித்த நேரமும் கிடையாது.