‘மயக்கமா இருக்குது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்

கரூரில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு டவலும் மேசை விரிப்பும் ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். வயது 46. 2021 ஆடி மாதம் ஒரு விடியற்காலை, படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். மின்விசிறியும் உத்தரமும் சேர்ந்து சுழன்றன. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. பத்து நாள் புரளும்போதெல்லாம் வந்தது, பிறகு அதுவே போனது. போகாமல் தங்கியது வேறொன்று. நின்றாலும் நடந்தாலும் காலடியில் பரிசல் மாதிரி ஓர் ஆட்டம். அதன் பெயர் தெரிய இரண்டு வருடம் நான்கு மாதம் ஆனது. ஐந்து டாக்டர்களைப் பார்த்தேன். அதில் பாதி அலைச்சலாவது தேவையில்லாதது என்று இப்போது தெரிகிறது. உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் போவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, நெஞ்சுவலி, நினைவு தப்பி விழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால், சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். நாள் தள்ளத் தள்ள அது திரும்புவது கடினம். கீழே நான் சொல்வதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கிற தலைசுற்றலுக்கு.

ஒரே சொல்லில் ஐந்து நோய்

முதல் டாக்டர் “என்னம்மா பண்ணுது?” என்றார். “மயக்கமா இருக்குதுங்க டாக்டர்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு 12க்கு மேல் வந்தது. குனிந்து நிமிரும்போது கண் இருட்டுவது நின்றது. ஆட்டம் அப்படியே இருந்தது.

அவர் செய்தது சரிதான். நான் சொன்ன சொல்தான் போதவில்லை. நம் பேச்சில் நினைவு தப்பினாலும் மயக்கம், பசியில் கண் இருட்டினாலும் மயக்கம், வீடு சுற்றினாலும் மயக்கம், கால் நிதானமில்லாமல் தள்ளினாலும் மயக்கம். என் மாமியாருக்கு எல்லாமே பித்தம். டாக்டருக்கோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறுப்பைக் காட்டுகிற வழி. எனவே அந்தச் சொல்லை வீட்டிலேயே உடைத்துவிடுங்கள். சுற்றுகிறதா, இருட்டுகிறதா, ஆடுகிறதா? இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எனக்கு மூன்றுமே இருந்தன, மூன்றுக்கும் மூன்று காரணம்.

அதைவிட முக்கியம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்பது. கடைசியாகப் பார்த்த டாக்டர் இந்த இரண்டைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார். படுக்கையில் புரண்டால், பரண் மேலே நிமிர்ந்து பார்த்தால், ஒரு நிமிடத்துக்குள் சுழன்று நின்றுவிட்டால் பெரும்பாலும் உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் (‘கல்’ என்பார்கள்) இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கும். இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து இரைந்து காது கேட்பதும் குறைந்தால் மெனியர் நோயா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் முதல் மூன்று நாள் வரை இழுத்து, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போனால் ஒற்றைத் தலைவலியின் இன்னொரு முகமாக இருக்கலாம். தலை வலிக்காமலே அது வருவதும் உண்டு. எழுந்து நின்ற சில நொடிகளில் மட்டும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம், ரத்தசோகை, சாப்பிடும் மாத்திரைகள் பக்கம் பார்க்க வேண்டும்.

நோட்டு போடுங்கள்

நான் துணிக் கணக்கு எழுதுகிற நீள நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். நேரம், எவ்வளவு நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், கூட வேறென்ன (காது, தலைவலி, படபடப்பு, மாதவிலக்கு, தூக்கம்). நாளுக்கு இரண்டு வரி போதும். மூன்று வாரம் எழுதினால் டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிடும். என் நோட்டிலிருந்து மூன்று வரி:

“செவ்வாய். காலை 10 முதல் 1 வரை. நீலக் கட்டம் போட்ட டவல். துணி நகர நகரத் தரையும் நகர்கிறது. வெள்ளைத் துணிக்கு மாறினதும் குறைந்தது.”

“வியாழன். பல்பொருள் அங்காடி. இரண்டு பக்கமும் அலமாரி. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து உட்கார்ந்ததும் பாதி சரி.”

“ஞாயிறு. நாள் முழுக்கப் படுத்திருந்தேன். ஆட்டம் இல்லை. சாயங்காலம் எழுந்ததும் வந்துவிட்டது.”

எழுதும்போது இவை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நோயைக் காட்டிக்கொடுத்தது இந்த மூன்று வரிதான் என்று பிறகு தெரிந்தது.

வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடம், மூன்றாவது நிமிடம் என்று பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி. நாடித்துடிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கூடவே, சுற்றும்போது யாரையாவது உங்கள் கண்ணைச் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். 2022 தை மாதம் அந்தச் சுழற்சி மறுபடி வந்தபோது என் மகள் எடுத்தாள். கண்மணி ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுப்பது தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது சுற்றல் நின்றுபோயிருக்கும், வீடியோ நிற்காது.

யாரிடம் போவது

முதலில் பொது மருத்துவர்: ரத்தம், சர்க்கரை, தைராய்டு, பி12, பிரஷர். அடுத்து காது மூக்கு தொண்டை. அதற்கு மேல் தேவைப்பட்டால் நரம்பியல். நான் இரண்டாவதாக எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்து, கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, அதனால்தான் மயக்கம் என்றார்கள். நான்கு மாதம் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு தைத்தேன். நாற்பது தாண்டிய பலருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும், தலைசுற்றலுக்கு அது காரணமாக இருப்பது அரிது என்று பிறகுதான் அறிந்தேன். பட்டை போட்டுத் தலையை அசைக்காமல் இருந்தது ஆட்டத்தைக் கூட்டியது. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

காது டாக்டரிடம் போகும் முன் போனிலேயே கேளுங்கள்: “படுக்க வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்க்கிற டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்வீங்களா?” இதற்கு மிஷின் எதுவும் வேண்டாம், ஒரு கட்டில் போதும். மூன்றாவது டாக்டர் இதைச் செய்தார். உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாத்தித் தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சாய்த்தார். உலகமே கவிழ்ந்தது. அவர் நிதானமாக என் கண்ணைப் பார்த்துவிட்டு, துகள்களைப் பழைய இடத்துக்குத் திருப்புகிற எப்லி முறையில் அப்படியே தலையைப் படிப்படியாகத் திருப்பி உட்கார வைத்தார். பத்து நிமிட வேலை. அன்றோடு சுழற்சி போனது. “கல் சரியாயிருச்சும்மா, இனி ஒண்ணுமில்ல” என்றார். ஆட்டம் மட்டும் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது.

நான்காவது, நரம்பியல். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நார்மல். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் அழுதேன். ஏதாவது இருந்துவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்றியது. அந்தப் படியில் உட்கார்ந்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: நார்மல் என்றால் கட்டி இல்லை, பக்கவாதம் இல்லை என்றுதான் அர்த்தம். உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. “அப்ப இது என்னவா இருக்கலாம் டாக்டர், அடுத்து யாரைப் பார்க்கட்டும்?” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் எழுந்து வந்ததால் ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

கோயம்புத்தூரில் கிடைத்த பெயர்

2023 கார்த்திகையில் கோயம்புத்தூர் போனோம். சமநிலைக் கோளாறுகளுக்கென்றே பார்க்கிற காது டாக்டர். இந்த முறை நோட்டைச் சுருக்கி ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எப்போது எப்படித் தொடங்கியது, இப்போது எப்படி இருக்கிறது, எதில் கூடுகிறது, எதில் குறைகிறது, பார்த்த டாக்டர்கள், எடுத்த சோதனைகள், சாப்பிட்ட மாத்திரைகள், எதில் பலன், எதில் இல்லை. அவர் அதை இரண்டு முறை படித்தார். நான் வாயே திறக்கவில்லை.

சோதனைகளும் நடந்தன. ஒன்றில் கண்ணை மூடிய கண்ணாடி மாட்டி, காதில் 30 டிகிரித் தண்ணீரும் பிறகு 44 டிகிரித் தண்ணீரும் விட்டார்கள். தலை சுற்றும், வாந்தி வருவது போல இருக்கும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள், காலையில் லேசாக மட்டும் சாப்பிடுங்கள். தண்ணீரின் சூட்டுக்கேற்பக் கண் ஒரு பக்கமோ மறுபக்கமோ இழுப்பதை ஆராய்ந்து சொன்னவர் ராபர்ட் பாரனி என்ற வியன்னா டாக்டர். 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. என் நோய்க்கான அடையாளங்களை 2017இல் வரையறுத்து வெளியிட்டதும் அவர் பெயரில் இயங்கும் பாரனி சங்கம்தான்.

அந்தப் பெயர் பிபிபிடி (PPPD), விடாமல் நீடிக்கிற ஒருவகை ஆட்டம். கல் நகர்வதன் பெயர் பிபிபிவி (BPPV). தமிழில் எழுதினால் ஓர் எழுத்துதான் வித்தியாசம், சிகிச்சையோ முற்றிலும் வேறு. எனவே தாளில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் ஆட்டமோ தள்ளாட்டமோ இருக்கும். நிமிர்ந்து நின்றாலும், அசைந்தாலும், கட்டமும் கோடும் கூட்டமுமாகக் கண்முன் நிறைந்தாலும் கூடும். கல் நகர்ந்து உலகம் சுழன்ற அந்தப் பத்து நாளில் மூளை பயந்து, காதை நம்புவதைக் குறைத்துக் கண்ணையே பிடித்துக்கொண்டது. கல் போன பிறகும் பிடியை விடவில்லை. அதனால்தான் கட்டம் போட்ட துணி நகர்ந்தால் எனக்குத் தரை நகர்கிறது. இதை உறுதிசெய்ய எந்த ஸ்கேனும் கிடையாது. நோயாளி சொல்கிற கதையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சிகிச்சையும், வீடும்

நான் ஏழு மாதம் சாப்பிட்டுவந்த சின்னரிசின் மாத்திரையை அவர் படிப்படியாக நிறுத்தினார். தலைசுற்றலை அமுக்குகிற இந்த மாதிரி மாத்திரைகள் சில நாளைக்குத்தான். நீட்டினால் மூளை சமாளிக்கக் கற்றுக்கொள்வது தாமதமாகும், சிலருக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும்கூட வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், “இது இன்னும் எத்தனை நாளைக்குங்க?” என்று கேளுங்கள்.

பிறகு பயிற்சி. சுவரில் ‘அ’ என்று எழுதி ஒட்டி, கண்ணை அதிலேயே வைத்துத் தலையை இடவலமாக அசைக்க வேண்டும். உட்கார்ந்து அரை நிமிடம், பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே. கடைசியில் எழுத்துக்குப் பின்னால் கட்டம் போட்ட துணியைத் தொங்கவிட்டு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த அளவில் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் ஆட்டம் கூடும். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற செர்ட்ராலின் மாத்திரையும் எழுதினார். “பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரையா?” என்று வீட்டில் கேட்டார்கள். இந்த மாத்திரை கூட்டுகிற செரடோனின் என்ற ரசாயனம் சமநிலையைக் கவனிக்கிற மூளைப் பாதைகளிலும் வேலை செய்கிறது என்று டாக்டர் என் கணவரிடமே விளக்கினார். கணவரைக் கூட அழைத்துப்போனது அன்றைக்குத்தான் பலன் தந்தது. வெளியே தெரியாத நோய் இது. வீட்டார் டாக்டர் வாயால் கேட்டால்தான் நம்புவார்கள்.

வீட்டில் சில மாற்றங்கள். தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடினால் தள்ளும், அதனால் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து குளிக்கிறேன். ராத்திரி எழுந்து போகும் வழியில் சின்ன விளக்கு. பரண், ஏணி, கிணற்றடி வேண்டாம். வண்டி ஓட்டுவதை டாக்டர் சரி என்று சொல்லும்வரை விட்டுவிடுங்கள். பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள். ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். தினம் சாயங்காலம் அமராவதிப் பாலம் வரை நடக்கிறேன். முதலில் மகள் தோளைப் பிடித்து, பிறகு விரலை மட்டும், இப்போது தனியாக.

முழுதாகப் போகவில்லை. தூக்கம் கெட்டால், காய்ச்சல் வந்தால் ஆட்டம் திரும்பி வருகிறது, முன்பு போல் நாள் முழுக்க இருப்பதில்லை. கட்டம் போட்ட டவலை ஒரு வருடம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவள், போன பங்குனியில் மறுபடி வாங்கினேன். நாற்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தைப்பேன். அடித்ததும் எழுந்து வாசலில் நின்று, எதிர்வீட்டு வேப்பமரத்தின் உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன்.