‘கெட்’: ஒரே சொல், பல பொருள் – புரிந்துகொள்வது எப்படி?

ஆங்கிலப் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டாலே ‘கெட்’ காதில் விழுந்துவிடும். அகராதியைத் திறந்தால் பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘கெட்’டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பொருளை முடிவு செய்வது அதுதான்.

முதலில் வடிவங்கள்: நிகழ்காலம் ‘கெட்’, இறந்தகாலம் ‘காட்’. ‘ஹாவ்’ சேர்ந்து வரும் மூன்றாம் வடிவமும் பிரிட்டனில் ‘காட்’தான், அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்பார்கள். இரண்டுமே சரி.

படி 1: அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால்

இந்தச் சொல் ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசப்பட்ட பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் பொருள் ‘பெறு’. இன்றும் இதுதான் அடிப்படை. ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் எனக்கு வேலை கிடைத்தது. ‘ஐ காட் சம் மில்க்’ என்றால் பால் வாங்கினேன். ‘கெட் மீ எ சேர்’ என்றால் ஒரு நாற்காலி எடுத்து வா. தமிழில் ‘எனக்கு’ என்று வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஐ’ வருவதைக் கவனியுங்கள்.

‘ஐ கெட் இட்’ என்றால் புரிகிறது. விஷயம் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

படி 2: அடுத்து ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால்

இங்கே ‘கெட்’ என்றால் ‘ஆகு’. ஆனால் தமிழில் எல்லா இடத்திலும் ‘ஆகு’ என்று சொல்வதில்லை. ‘மை டீ காட் கோல்ட்’: டீ ஆறிவிட்டது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’: இருட்டிக்கொண்டு வருகிறது. ‘ஷி காட் ஆங்ரி’: அவளுக்குக் கோபம் வந்தது. ‘ஷி வாஸ் ஆங்ரி’ என்றால் கோபமாக இருந்தாள். கோபம் வந்த கணத்தைச் சொல்ல ‘காட்’, இருந்த நிலையைச் சொல்ல ‘வாஸ்’.

‘எனக்கு லேட் ஆகுது’ என்பதை நாம் ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ‘இட் இஸ் கெட்டிங் லேட்’ அல்லது ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்பார்கள்.

படி 3: அடுத்து இடமோ திசையோ வந்தால்

‘போய்ச் சேர்’ என்று பொருள். ‘வி காட் டு மதுரை அட் சிக்ஸ்’: ஆறு மணிக்கு மதுரை போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பெயருக்கு முன் ‘டு’ வேண்டும். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ முன்னால் வேண்டாம். ‘கெட் ஹோம்’ என்றால் போதும்.

வண்டி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பஸ், ரயில், விமானம் என்றால் ஏறுவதற்கு ‘கெட் ஆன்’, இறங்குவதற்கு ‘கெட் ஆஃப்’. காருக்கும் ஆட்டோவுக்கும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியா என்று பாருங்கள். முடிந்தால் ‘ஆன்’, ‘ஆஃப்’. பைக்குக்கும் சைக்கிளுக்கும் ‘உள்ளே’ என்பதே இல்லை, அதனால் அவற்றுக்கும் ‘ஆன்’தான். பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நாம் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்திய ஆங்கிலம். வெளிநாட்டில் ‘கெட் டவுன்!’ என்று யாராவது கத்தினால் ‘குனி, கீழே படு’ என்று எச்சரிப்பதாகவும் இருக்கலாம்.

படி 4: வினையின் மூன்றாம் வடிவம் வந்தால்

‘மை ஃபோன் காட் ஸ்டோலன்’: என் போன் திருடு போய்விட்டது. ‘ஷி காட் மேரிட்’: அவளுக்குக் கல்யாணம் ஆனது. யாரோடு என்று சொல்ல ‘டு’ சேருங்கள், ‘வித்’ வேண்டாம்.

‘கெட்’டுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில் ஒரு பொருளின் பெயர் நுழைந்தால் அர்த்தம் மாறும். சலூனுக்குப் போய் வந்து தமிழில் ‘முடி வெட்டினேன்’ என்கிறோம். அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கத்தரியை எடுத்து நீங்களே வெட்டிக்கொண்டதாக அர்த்தம் ஆகிவிடும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. வண்டியைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கினால் ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்’. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஒருவரை ஒரு வேலை செய்ய வைத்தோம் என்று சொல்ல, ஆளுக்குப் பின் ‘டு’ வரும்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’, அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

அப்புறம் ‘ஐ ஹாவ் காட் எ பிரதர்’ என்றால் எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான், அவ்வளவுதான். இங்கே அமெரிக்கர்களும் ‘காட்டன்’ சொல்ல மாட்டார்கள்.

பயிற்சி

இந்த மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘வி காட் லாஸ்ட்’, ‘ஐ டிட் நாட் கெட் தி ஜோக்’, ‘ஷி காட் ஹர் ஹவுஸ் பெயின்டட்’.

விடைகள்: வழி தவறிவிட்டோம். அந்த ஜோக் எனக்குப் புரியவில்லை. அவள் ஆள் வைத்து வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாள்.