ஃபால்ஸா, ஃபேக்கா? எந்த இடத்தில் எது வரும்?

ஆங்கிலம் எழுதப் பழகுகிறவர்களைத் தடுமாற வைக்கும் இரண்டு சொற்கள் ஃபால்ஸ், ஃபேக். அகராதியில் இரண்டுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றாகவே போட்டிருக்கும். கவலை வேண்டாம், தமிழை வைத்தே பிரித்துவிடலாம்.

படி 1: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

பொய் வழக்கு என்கிறோம். ஆனால் டாக்டர் என்றால் போலி டாக்டர்தான், பொய் டாக்டர் இல்லை. 'போல' என்பதோடு ஒட்டிப் பிறந்த சொல் போலி. அசல் ஒன்று இருக்கிறது, அதைப் போலவே இன்னொன்றைச் செய்திருக்கிறார்கள். ஃபேக் அதுதான். உண்மை இல்லை என்று மட்டும் சொல்ல ஃபால்ஸ் போதும். தேர்வுத்தாளில் 'ட்ரூ ஆர் ஃபால்ஸ்' என்றுதான் கேட்பார்கள், அங்கே ஃபேக் வராது.

படி 2: தாள் வேறு, தாளில் எழுதியிருப்பது வேறு

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். லீவுக்காக ஒருவர் மருத்துவச் சான்றிதழ் கொடுக்கிறார். டாக்டர் உண்மையானவர், பதிவு எண் சரி, கையெழுத்தும் அவருடையதே. ஆனால் காய்ச்சல் வரவே இல்லை. இது ஃபால்ஸ் சர்டிபிகேட். இன்னொருவர் தானே லெட்டர்பேடு அடித்து, ரப்பர் ஸ்டாம்பு செய்து, கையெழுத்தும் போட்டுக்கொள்கிறார். அன்று அவருக்கு நிஜமாகவே 102 டிகிரி காய்ச்சல் அடித்திருந்தாலும் அது ஃபேக் சர்டிபிகேட்.

தெரியாமல் நடந்தால் ஃபால்ஸ், வேண்டுமென்றே செய்தால் ஃபேக் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதிதான் சரி. பொய் வழக்கை வேண்டுமென்றேதான் போடுகிறார்கள். ஆனாலும் ஸ்டேஷன் நிஜம், எஃப்ஐஆர் நிஜம், குற்றச்சாட்டுதான் பொய். அதனால் அது ஃபால்ஸ் கேஸ்.

படி 3: யாருமே ஏமாற்றவில்லை என்றால் ஃபால்ஸ்

2011-இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டி. 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே உசேன் போல்ட் பாய்ந்துவிட்டார், உடனே தகுதியிழந்தார். அவர் ஓடுவதுபோல் நடிக்கவில்லை, நிஜமாகவே ஓடினார். அதனால் அது ஃபால்ஸ் ஸ்டார்ட். நோய் இல்லாதவருக்கு இருப்பதாகப் பரிசோதனை காட்டினால் ஃபால்ஸ் பாசிட்டிவ். தீ இல்லாமல் மணி அடித்தால் ஃபால்ஸ் அலாரம்.

படி 4: வினைச்சொல் வேண்டுமா?

ஃபேக்கை அப்படியே வினையாக்கலாம். கையெழுத்தை 'ஃபேக்' செய்தார், மயக்கத்தை 'ஃபேக்' செய்தார். ஃபால்ஸுக்கு அது முடியாது, 'ஃபால்ஸிஃபை' என்று மாற வேண்டும். கணக்கில் தில்லுமுல்லு செய்வதற்கு அந்தச் சொல்தான் வரும்.

படி 5: சிலவற்றை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்

ஃபால்ஸ் சீலிங், ஃபால்ஸ் டீத். நம் பொய்க்கால் குதிரை மாதிரி. அங்கே 'பொய்' இருந்தாலும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. (சேலைக்கு அடிக்கும் ஃபால்ஸ் இந்தக் குடும்பமே இல்லை, அது 'ஃபால்' என்ற வேறு சொல்.)

சரி, ஒரு பயிற்சி. செய்தி சேனலின் லோகோவை ஒட்டி, 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று யாரோ ஒரு கார்டு தயாரித்து வாட்ஸ்அப்பில் விடுகிறார். கார்டு ஃபேக், செய்தி ஃபால்ஸ். இரவெல்லாம் மழை கொட்டி, காலையில் கலெக்டர் நிஜமாகவே விடுமுறை அறிவித்துவிட்டால்? செய்தி இப்போது ஃபால்ஸ் இல்லை. கார்டு அப்போதும் ஃபேக்தான்.