பாக்கி வைக்கும் பார்ட்டியிடம் பில் பணத்தை வாங்குவது எப்படி?

பம்ப் உதிரிபாகம் கடைந்து தரும் பட்டறையோ, அட்டைப்பெட்டி செய்யும் சிறு யூனிட்டோ, பாக்கி பெரும்பாலும் சரக்கு இறங்கும் அன்றே முடங்கத் தொடங்கிவிடுகிறது. ஃபோனில் வந்த ஆர்டர், கையெழுத்தில்லாத டெலிவரி சலான். ஆறு மாதம் கழித்து இவற்றை வைத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பது?

முதல் பில் போடும் முன்பே, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முடித்து, அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள். சரக்கு கொடுத்துவிட்டுப் பிறகு பதிந்தால் பழைய பில்களுக்குப் பாதுகாப்பு கிடைப்பது சிக்கல். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பு குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் எண் வைத்திருந்தாலும் இதில் வரமாட்டார்கள்.

அந்தச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அடித்திருந்தாலும் கணக்கு 45தான். இன்னொன்று, பலர் கவனிக்காதது: சரக்கில் குறை என்றால் டெலிவரியான 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பணம் கேட்டவுடன் ‘குவாலிட்டி சரியில்லை’ என்று முளைக்கும் புகாருக்கு இதுதான் பதில். ஆனால் டெலிவரி தேதியை நிரூபிக்க சீலும் தேதியும் கையெழுத்தும் உள்ள சலான் வேண்டும்.

கெடு வருவதற்கு ஒரு வாரம் முன்பு வாங்கியவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேளுங்கள்: பில் பதிவாகிவிட்டதா? ‘பில்லே வரலையே’ என்ற சாக்கு அங்கேயே அடைபடும். முதலாளி வாய்மொழியாகத் தேதி சொன்னால், ‘இன்ன தேதிக்குள் இவ்வளவு தருவதாகச் சொன்னீர்கள்’ என்று அன்றே மெயிலில் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, இவ்வளவு பாக்கி என்று வாங்கியவர் ஒப்புக்கொள்ளும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷனில் கையெழுத்து வாங்குவது அவசியம். பாக்கிக்கு வழக்குப் போடும் காலவரம்பு மூன்று ஆண்டு. அது முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். பழைய பாக்கி நிற்கும்போது புது ஆர்டருக்குப் பணம் முன்கூட்டியே வர வேண்டும். இதில் தாட்சண்யம் பார்த்தால் பாக்கி இரட்டிப்பாகும்.

அடுத்து ஒரு கடிதம். மிரட்டல் தொனி வேண்டாம், அவருடைய வரிக் கணக்கைப் பேசினாலே போதும். 43பி(எச்) என்று ஆடிட்டர்கள் சொல்லும் வருமான வரி விதி 2023 நிதிச் சட்டத்தில் வந்தது. கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31க்குள் தராவிட்டால் அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாள் கடந்தால், உங்கள் பில்லைக் காட்டி அவர் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியையும் (உள்ளீட்டு வரி) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். கடிதத்தின் நகலை அவருடைய ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். பிப்ரவரியில் போகும் கடிதத்துக்கு இருக்கும் பலம் ஜூனில் இருக்காது.

தாமத வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ (பேங்க் ரேட்) என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டுவட்டி. விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால், 2 லட்சம் பாக்கிக்கு ஓராண்டில் ஏறத்தாழ 39,100 ரூபாய்.

அதற்கும் அசையாவிட்டால், இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் இணையவழி மனு. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் உண்டு. முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிய வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். ஆனால் தீர்ப்பை எதிர்த்துப் போக அவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். பலர் பேச வருவது இந்தக் கட்டத்தில்தான்.

செக் திரும்பினால் வழி வேறு. செக் திரும்பியதாக வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அதைப் பெற்றபின் அவருக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ‘மறுபடி போடுங்க’ என்று அவர் சொல்லும்போது, செக் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகையைக் குறைத்து முடித்துக்கொள்ளலாம் என்றால் வட்டியை விட்டுக்கொடுங்கள். அசலில் கை வைக்க வேண்டாம். வராத பணத்துக்காக மட்டும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு, கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற முடியாது. பணம் கணக்கில் ஏறியபின் மனுவை வாபஸ் வாங்குங்கள்.