தாராக்குஞ்சு சோர்ந்து விழுந்தால் செய்யக்கூடாதவை

காலையில் கூட்டைத் திறந்தால் மற்றக் குஞ்சுகள் ஓடிவரும். ஒன்று மட்டும் மூலையில் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். பதறிப்போய் அதைத் தூக்கி, வாயைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் பல வீடுகளில் முதலில் நடக்கிறது. பிழைத்திருக்கக்கூடிய குஞ்சும் அதனால் செத்துப்போகிறது. தாராவின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே சிறு பிளவாகத் திறந்திருக்கிறது. விழுங்கத் தெம்பில்லாத குஞ்சுக்கு ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் தீனி. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

தாராவின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். மார்கழி மழையில் திருகோணமலையின் இரவு நமக்கு இதமாக இருந்தாலும், நனைந்த குஞ்சுக்கு அது கடும் குளிர். அதன் கால்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உடம்பும் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, அப்போது ஊட்டுகிற தீனி உள்ளேயே கிடந்து புளிக்கும். காட்போட் பெட்டியில் பழைய துவாயை விரித்து, ஒரு பக்கத்தில் மட்டும் 60 வாட் இழைக்குமிழை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குப் போதுமான சூட்டைத் தராது. முதல் வாரக் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 பாகை இருந்தால் போதும். கரண்ட் போனால் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியால் சுற்றி அருகில் வையுங்கள்.

பெட்டியின் மறுபக்கம் சூடில்லாமல் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் குமிழே தேவைப்படாது. குஞ்சு வாயைத் திறந்து இளைத்தால் சூடு கூடிவிட்டது. பத்திரிகைத் தாள் விரிப்பதும் தவறு. அதில் கால் வழுக்கி அகன்று, பிறகு நிற்கவே முடியாமல் போகும்.

கால் சூடாகி, தலையைத் தானே தூக்கத் தொடங்கியதும், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனியைக் கொடுக்கலாம். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டவே கூடாது, அது குஞ்சுக்கு நஞ்சு. ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அது அலகை அசைத்து விழுங்கிய பிறகுதான் அடுத்த துளி. ஐந்தாறு துளி கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். மறுநாள் புதிதாகக் கரையுங்கள்.

உற்சாகம் வரட்டும் என்று வாளியில் நீந்த விடாதீர்கள். தாயில்லாமல் வளரும் குஞ்சின் தூவிக்குத் தண்ணீரைத் தடுக்கும் எண்ணெய் போதாது, நனைந்து மூழ்கிவிடும். பாலும் பாணும் வேண்டாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மனித மருந்துகளை அளவு தெரியாமல் கரைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

குஞ்சு கண் தெளிவாக, பசியோடு இருந்தும் கால் மட்டும் மடிந்து இழுபட்டால், அது பெரும்பாலும் நயாசின் எனும் பி3 விற்றமின் குறைபாடு. கோழிக்குஞ்சைவிடத் தாராக்குஞ்சுக்கு அது கூடுதலாகத் தேவை: கிலோ தீனிக்கு ஏறத்தாழ 55 மில்லிகிராம். ஒரு கோப்பைத் தீனிக்கு ஒரு மேசைக்கரண்டி புரூவர்ஸ் ஈஸ்ட் (பியர் வடிக்கும் ஈஸ்டின் காய்ந்த தூள்) கலக்கலாம். பாணுக்குப் போடும் ஈஸ்ட் அதற்கு ஈடாகாது, வயிற்றில் பொங்கும். கால் வளைந்து இறுகிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு.

மாரியில் எங்கள் பக்கம் அதிகம் அசட்டை செய்யப்படுவது தீனிச் சாக்குத்தான். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் புண்ணாக்கிலும் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகளோடு தாராக்குஞ்சுகளும் கூட்டமாகச் செத்தது பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கால்தான். வெயிலில் காயவைத்தால் மணம் போகும், நஞ்சு போகாது. கழிக்க மனமில்லாமல் அதைக் குஞ்சுக்குப் போடாதீர்கள்.

நாலு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் தலையைப் பின்னால் வளைத்து, உதைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது வைரஸ் ஈரல் அழற்சியாக இருக்கலாம். வீட்டு வைத்தியத்துக்கு அது அடங்காது. மூச்சுத் திணறல், இரத்தக் கழிச்சல், வலிப்பு கண்டாலும் தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் போங்கள். போகும்போது தீனியில் ஒரு பிடியையும் எச்சத்தில் கொஞ்சத்தையும் தனித்தனிப் பையில் கொண்டுபோங்கள். செத்த குஞ்சை ஃபிரீசரில் வைக்காமல், பையில் கட்டி ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோனால் அறுத்துப் பார்க்க உதவும். செத்த மற்றக் குஞ்சுகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆழமாகப் புதைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.