077 என்றால் டயலொக் கம்பனி, சரி. ஆனால் அது இலங்கை நம்பர்தானா?

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் ரீலோட் கடை, அதாவது மொபைல் போனுக்குக் காசு போட்டுவிடும் கடை, வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, லமினேற்றிங், கொப்பி, பேனை எல்லாம் உண்டு. ஆனாலும் கடை திறந்ததும் வருகிறவர்கள் பெரும்பாலும் ரீலோட்டுக்குத்தான் வருவார்கள். நம்பரைச் சொல்லி "இருநூறு போடுங்கோ தம்பி" என்பார்கள். எந்தக் கம்பனி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, முக்கியமாக மகளுக்கோ மருமகனுக்கோ போட வருகிறவர்களுக்கு. மேசையில் கம்பனிக்கு ஒன்றாகச் சின்னப் போன்கள் அடுக்கி வைத்திருக்கிறேன். எதைக் கையில் எடுப்பது என்பதை நம்பரின் முதல் மூன்று எண்களே சொல்லிவிடும்.

இலங்கையின் மொபைல் நம்பர் பத்து எண்கள் கொண்டது, 07 என்று தொடங்கும். 071, 070 மொபிடெல். 077, 076, 074 டயலொக். 078, 072 ஹட்ச். 075 எயார்டெல். ஒரு கடதாசியில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் ஒரு கிழமையில் மனப்பாடமாகிவிடும்.

ஆனால் கம்பனிகளின் பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆட்கள் சொல்லும் பெயரை நம்பக் கூடாது. 072-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் செல்டெல் என்று தொடங்கிய கம்பனி அது. பிறகு டிகோ ஆனது, பிறகு எடிசலாட் ஆனது, 2018-இல் ஹட்சுடன் சேர்ந்தது. சிம் அதேதான், நம்பரும் அதேதான். அதனால் "டிகோவுக்குப் போடுங்கோ" என்று கேட்கிற ஐயாமார் இன்னும் இருக்கிறார்கள். நான் திருத்துவதில்லை, ஹட்ச் போனை எடுத்துப் போட்டுவிடுவேன். 075-உம் அப்படித்தான். எயார்டெல் 2009-இல் இங்கே வந்தது, 2024 ஜூனில் டயலொக் அதை வாங்கிவிட்டது. மொபிடெல்லும் இப்போது எஸ்எல்ரி-மொபிடெல் என்ற பெயரில்தான் ஓடுகிறது. பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து வயதானவர்களிடம் 077 அதிகம். 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகுதான் இங்கே மொபைல் போன் பரவியது, அப்போது எடுத்த நம்பரை மாற்றாமலே வைத்திருக்கிறார்கள். 076-உம் 074-உம் பின்னால் வந்தவை, இளம் பெடியளிடம்தான் கூட.

வாட்ஸ்அப்பில் இருந்து பார்த்துச் சொல்கிறவர்கள் +94 77 என்று தொடங்குவார்கள். சில பழைய டயரிகளில் 0094 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். அந்த 94-ஐ எடுத்துவிட்டு ஒரு சைபரைப் போட்டால் 077 வந்துவிடும். 94-க்குப் பின்னால் சைபரையும் சேர்த்து +94077 என்று பதிந்து வைத்திருப்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருந்து எடுத்தால் லைன் கிடைக்காததற்குப் பல வேளை அதுதான் காரணம். எப்படி எழுதியிருந்தாலும் கடைசியில் சைபரோடு பத்து எண் வர வேண்டும். ஒன்பதோ பதினொன்றோ வந்தால் போனைத் தொடாமல் திரும்பக் கேளுங்கள்.

சிக்கல் வருவது வெளிநாட்டு நம்பர்களில்தான். யாழ்ப்பாணத்தில் சுவிஸில் சொந்தம் இல்லாத ஒழுங்கை அரிது. சுவிஸ் மொபைல் நம்பரும் சைபரோடு பத்து எண்தான். அங்கேயும் 076, 077, 078 உண்டு. தங்கச்சி லீவில் வந்தபோது எழுதிக் கொடுத்த துண்டைக் கொண்டுவந்து அம்மா ஒருவர் "இதுக்கு ரீலோட் போடுங்கோ" என்றால், முன் எண்ணைப் பார்த்து டயலொக் அல்லது ஹட்ச் என்றுதான் நினைக்கத் தோன்றும். எழுதிய விதத்தைப் பாருங்கள். சுவிஸ்காரர் கடைசி நான்கை இரண்டு இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள், நாங்கள் நான்கையும் சேர்த்தே எழுதுவோம். 079 என்று இருந்தால் இன்னும் சுலபம். நான் மேலே சொன்ன கம்பனிகள் ஒன்றுக்கும் அது இல்லை, சுவிஸில் தாராளமாக உண்டு. அப்படியும் பிடிபடாவிட்டால் "ஆள் இப்ப எங்க இருக்கிறார் அம்மா?" என்று கேட்பதே குறுக்கு வழி.

லண்டன் நம்பரும் 07-இல் தொடங்கும், 077-உம் வரும். ஆனால் அது பதினொரு எண். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரான்ஸில் 06, 07 இரண்டும் மொபைல்தான், அதுவும் பத்து எண், ஆகவே 07 என்றால் அங்கேயும் கவனம் வேண்டும்.

சென்னையில் இருக்கும் பிள்ளைகளின் நம்பர் வேறு ரகம். சைபர் இல்லாமலே பத்து எண், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும். 77 என்று தொடங்கினால் சைபர் விடுபட்ட டயலொக் போலவே தெரியும். சைபரைச் சேர்த்துப் பாருங்கள், பதினொன்று வரும், ஆகவே இலங்கை இல்லை. இன்னொன்று, இந்தியாவில் நம்பரை வைத்துக்கொண்டே கம்பனி மாறும் வசதி 2011-இல் நாடு முழுக்க வந்துவிட்டது. அங்கே முன் எண்ணைப் பார்த்துக் கம்பனி சொல்வது வெறும் ஊகம். இங்கேயும் அதைக் கொண்டுவரும் பேச்சுப் பல வருடமாக இருக்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வரும் நாளில் என் மேசைக் கடதாசியைக் கிழித்துவிட வேண்டியதுதான்.

021 என்று தொடங்கினால் அது யாழ்ப்பாணத்து வீட்டுப் போன். 024 வவுனியா, 065 மட்டக்களப்பு, 011 கொழும்பு. இவற்றில் கம்பனியைச் சொல்வது நான்காவது எண். 2 என்றால் ரெலிகொம், 5 என்றால் லங்கா பெல், 4-உம் 7-உம் டயலொக். அந்த 4 முன்னர் சன்ரெல்லாக இருந்தது. வயர் இல்லாத சிடிஎம்ஏ போன்கள் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில் இந்த நான்காவது எண் எனக்குப் பெரிய உதவி.

முன் எண் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. டயலொக் நம்பரை ஹட்ச் போனில் போட்டால் காசு போகாது, மறுத்துவிடும். ஆனால் 077 சரியாக இருந்து பின்னால் ஓர் எண் மாறிவிட்டால், யாரோ முன்பின் தெரியாதவருக்கு ரீலோட் போய்ச் சேரும். அவர் சிரித்துக்கொண்டு வைத்திருப்பார். ஆகவே போடுவதற்கு முன் நம்பரை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்து வாய்விட்டு வாசியுங்கள். வந்தவர் தன் கடதாசியைப் பார்த்து "ஓம்" என்று சொன்ன பிறகு அனுப்புங்கள்.